மௌத்து வீட்டு டூயட்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதே வேகத்தில் போயும்விடும். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் ஒரு கோபம் மட்டும் இத்தனை வருடங்களாக என்னோடேயே குடியிருக்கிறது. இன்றைக்கும் யாருக்காவது போன் செய்யும்போது மணியடிப்பதற்குப் பதில் சினிமாப் பாட்டு கேட்டால் எனக்கு முகம் சிவந்துவிடும். எடுத்துப் பேசுகிறவர் பாவம், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழிப்பார்.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு கடை இருந்தது. அப்பா காலத்தில் அது எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று வளைகுடாவுக்குப் பேசிவிட்டு, மீட்டரைப் பார்த்து முகம் வெளுத்து வெளியே வருவார்கள். பிறகு எல்லார் கைக்கும் செல்போன் வந்தது. கூண்டைக் கழற்றி விற்றுவிட்டு, ரீசார்ஜ் கார்டுகளைச் சரம்சரமாகத் தொங்கவிட்டு, நான் கல்லாவில் உட்கார்ந்தேன். டிகிரி முடித்த பெண் பஸ் ஸ்டாப்பில் கடை வைத்து உட்காருவதா என்று எங்கள் சர்ச் தெருவில் சிலர் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டவர்களும் என்னிடம்தான் ரீசார்ஜ் செய்தார்கள்.

கொஞ்ச நாளிலேயே ஒரு புகார் தினப்படி ஆகிவிட்டது. "நேத்துதான் ஒங்கிட்ட அம்பது ரூவாய்க்குப் போட்டேன். ஒரு ஆளுக்கும் பேசல. இன்னைக்கிப் பாத்தா ஒண்ணுமில்ல. எங்கம்மா போச்சு?" கேட்கிற தொனியிலேயே நான்தான் எடுத்து முழுங்கிவிட்டேன் என்கிற சந்தேகம் தெரியும். நான் பதிலுக்குக் கத்துவேன். கத்தி முடித்துவிட்டு அவர்கள் போனை வாங்கிப் பார்ப்பேன்.

பார்த்தால் சிரிப்பு வரும், அடுத்த நொடி வயிறு எரியும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்குத் தினசரி ராசிபலன் வந்துகொண்டிருந்தது. காது சுத்தமாகக் கேட்காத தையல்காரருக்கு மாதச் சந்தாவில் பாட்டு. எங்கள் சபை மூப்பருக்குக் காதலில் வெற்றி பெறும் வழிகள், அதுவும் பேரன் பேத்தி எடுத்த வயதில். இவர்களில் ஒருவரும் இதையெல்லாம் கேட்டு வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று செல்போன் கம்பெனிக்காரர்கள் பணம் பிடித்தார்கள். அதற்கு மதிப்புக்கூட்டுச் சேவை என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். திருட்டுக்கு இவ்வளவு மரியாதையான பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

கடைக்கு மூன்று வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். ராவுத்தர் வீட்டுப் பெண். கணவர் சவூதியில் ஒரு கம்பெனியில் டிரைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், வந்த களைப்பு தீருவதற்குள் திரும்பிப் போவார். மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டவர். அவரைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அக்காதான். மாமியாருக்கு முட்டிவலி, எழுந்து நடக்க மாட்டார். மதியம் மாமனார் கண்ணயர்ந்தால் அக்கா என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொள்வார். அந்த அரை மணி நேரம்தான் அவருக்கு ஓய்வு. என்னைப் புள்ள என்று கூப்பிடுவார்.

அக்காவுக்கும் கணவருக்கும் தினமும் காலையில் ஒரு பரிமாற்றம் உண்டு. அங்கிருந்து அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அக்கா பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். கிடைத்தது, இங்கேயும் சுகம் என்று அர்த்தம். வாய்விட்டுப் பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீடுகளிலும் இதுதான் வழக்கம். வயல் வேலையிலும் இதே வழக்கம் வந்திருந்தது. நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் அம்மா விடியற்காலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பதில் வந்தால் ஆள் வருகிறாள், வராவிட்டால் இன்றைக்கு இல்லை. வந்த மிஸ்டு காலுக்குப் பதில் கொடுக்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. வாசலில் வந்து கூப்பிட்டவருக்கு ஏனென்று கேட்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பது போல.

தெரியாத நம்பர் என்றாலும் பதில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து நெட் போனில் பேசினால் இங்கே எந்த நாட்டு நம்பரோ வந்து விழும். ரூம் மேட் போனிலிருந்து கொடுப்பார்கள், சூப்பர்வைசர் போனிலிருந்து கொடுப்பார்கள். அதனால் நம்பரைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் நம் ஆளாகத்தான் இருக்கும் என்பது நம்பிக்கை. இதில் செல்போன் கம்பெனிக்கு ஒரு பைசா கிடைக்காது. கோடிக்கணக்கான ஜனம் காசு கொடுக்காமல் நலம் விசாரித்துக்கொள்கிறதே என்று அவர்கள் கண்ணை அது உறுத்தியிருக்க வேண்டும்.

மாமனார் ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். அக்காதான் கணவருக்கு ஐ.எஸ்.டி. போட்டுச் சொன்னார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அடக்கத்துக்குள் வந்து சேர முடியாது. போனிலேயே அழுதிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் துபாய், குவைத், மலேசியா என்று சொந்தக்காரர்களிடமிருந்து மிஸ்டு கால்கள் வந்து குவிந்தன. சேதி கேள்விப்பட்டோம் என்று அர்த்தம். மையத்தை, இறந்தவர் உடலை அப்படித்தான் சொல்வார்கள், குளிப்பாட்ட ஏற்பாடு செய்துகொண்டே, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, அக்கா எல்லா நம்பருக்கும் பதில் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் மரியாதைக் குறைவு ஆகிவிடக் கூடாதே.

அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்க நான் கடையிலிருந்து அக்காவின் நம்பரைப் போட்டேன். மணியடிக்கவில்லை. ஒரு டூயட் பாட்டு ஒலித்தது. மழையில் நனைந்துகொண்டே ஆணும் பெண்ணும் கொஞ்சுகிற பாட்டு, அந்த வருடம் எல்லாப் பேருந்திலும் போட்டார்கள். நான் நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே கொஞ்சல்.

இந்தக் காலர் ட்யூன் என்கிற சமாச்சாரத்தில் ஒரு அயோக்கியத்தனம் உண்டு. காசு கொடுப்பவருக்கு அது கேட்கவே கேட்காது. கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும். தன் போனில் என்ன பாட்டு ஓடுகிறது என்று வைத்திருப்பவளுக்குத் தெரியாது, ஊருக்கெல்லாம் தெரியும். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மௌத்து வீட்டில் பெண்கள் கூடியிருந்த இடத்தில் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, ஒங்க போன்ல பாட்டு வருதுக்கா" என்றேன்.

"என்ன பாட்டு? நான் ரேடியோவே போடலியே, புள்ள."

நான் விளக்கினேன். அக்கா கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுதான் அவர் போன் பண்ணிட்டு பேசாம வெச்சுட்டாரா?" என்றார். மதியத்திலிருந்து கணவர் மூன்று தடவை கூப்பிட்டு, அக்கா எடுத்ததும் துண்டித்திருக்கிறார். பிறகு பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டுத் தன் அம்மாவிடம் பேசியிருக்கிறார். விடியற்காலையில் சாதாரணமாக மணியடித்த போன் மதியம் டூயட் பாடுகிறது. அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைப்பார். அத்தா போய்ச் சேர்ந்துவிட்டார், பீடை விட்டது என்று இவள் பாட்டு வைத்துக் கொண்டாடுகிறாள் என்றுதான் நினைத்தார். அதை அவர் வாய்விட்டுத் தன் தாயாரிடம் சொன்னார். தாயார் அழுகையோடு அழுகையாக நாலு பேரிடம் சொன்னார். அந்த நாலு பேருக்கும் அதற்குள் போன் போட்டுக் கேட்டுப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது. போட்டுக் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அத்தனை வருடம் மலமூத்திரம் எடுத்த கை அது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எழுத்து ஓடவில்லை.

பாட்டை நிறுத்தலாம் என்று போனை வாங்கினேன். நிறுத்த வேண்டுமென்றால் ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். மெசேஜ் அனுப்ப பேலன்ஸ் இல்லை, அதைத்தான் பாட்டுக்காகப் பிடித்துவிட்டார்களே. கடைக்குப் போய் என் செலவில் அக்கா நம்பருக்கு ரீசார்ஜ் போட்டேன். போட்ட கையோடு அதிலும் எதற்கோ கொஞ்சம் பிடித்தார்கள். மிச்சத்தில் மெசேஜ் அனுப்பினால், உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. ஆரம்பிக்கும்போது பரிசீலிக்காதவர்கள் நிறுத்தும்போது பரிசீலித்தார்கள். மறுநாள் சாயங்காலம் வரை அந்த மௌத்து வீட்டில் துக்கம் விசாரித்த அத்தனை பேரும் அந்தக் கொஞ்சலைக் கேட்டுவிட்டுத்தான் விசாரித்தார்கள்.

அடுத்த வாரம் கடையில் வைத்தே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். "உங்கள் எண்ணிலிருந்து எங்கள் சேவை எண்ணுக்கு மிஸ்டு கால் வந்திருக்கிறது மேடம். மிஸ்டு கால் கொடுத்தால் சேவை தொடங்கிவிடும் மேடம்."

"அவங்க ஏன் ஒங்களுக்கு மிஸ்டு கால் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

"எங்கள் எண்ணிலிருந்து முதலில் உங்களுக்கு அழைப்பு வந்திருக்கும் மேடம். விருப்பம் இருந்ததால் நீங்கள் பதில் கொடுத்திருக்கிறீர்கள்."

கடையில் நின்றுகொண்டிருந்த நடவுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. இவர்களே ஒரு மணியடித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். நம் ஜனம் யாரோ நம்மாள் என்று மரியாதைக்குப் பதில் மணியடிக்கிறது. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பையில் கையை விடுகிறார்கள். நான் அந்தப் பெண்ணை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று அக்காதான் போனை வாங்கி அணைத்தார்.

மாமனார் அடக்கமான நாளிலிருந்து காலையில் சவூதியிலிருந்து வருகிற மிஸ்டு கால் நின்றுவிட்டது. பணம் மாமியார் பெயருக்கு வந்தது. வெள்ளிக்கிழமைப் பேச்சும் மாமியாரோடுதான். அக்கா வாங்கிப் பேசினால் நல்லாருக்கியா, நல்லாருக்கேன் என்பதோடு முடிந்துவிடும். நான் அந்தப் பாட்டை வைக்கவில்லை மச்சான் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். தானாக எப்படி வரும் என்று அவர் கேட்டார். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. போனில் ஒரு பாட்டு தானாக வந்து உட்காரும் என்று உலகத்தில் எந்த மனிதனுக்குத் தோன்றும்.

என் கடையில் ரீசார்ஜ் செய்கிற வக்கீல் ஒருவர் இருந்தார். கும்பகோணத்தில் பிராக்டீஸ், குரல் தாழ்ந்தவர், எதற்கும் பதறாதவர். அவரிடம் நான் பதறினேன். அவர் கேட்டுவிட்டு, ஒரே மாதிரி ஏமாந்தவர்கள் பலர் இருந்தால் எல்லாருக்கும் சேர்த்து ஒருவர் பெயரில் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடலாம் என்றார். மன்றம் அனுமதி கொடுக்க வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம். "தனித்தனியாப் போனீங்கன்னா அஞ்சு ரூபாக்கும் பத்து ரூபாக்கும் கேஸான்னு சிரிப்பாங்க. சேந்து போனா சிரிக்க மாட்டாங்க" என்றார்.

யார் பெயரில் போடுவது என்று கேட்டதும் கடையில் இருந்த அத்தனை பேரும் வேறு வேலை ஞாபகம் வந்தவர்களாக ஆனார்கள். நானே போடலாம் என்றால், என் போனில் அந்தத் தொல்லை வரவில்லை. விற்கிறவளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

"எம் பேர்ல போடுங்க, சார்" என்றார் அக்கா. "எனக்குக் காசு வேணாம். அந்தப் பாட்டு வேணும்னு நான் சொல்லலன்னு அவங்க வாயால சொல்லணும். எழுத்துல வேணும். அத நான் அவருக்கு அனுப்பணும்."

வக்கீல் அதைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார். கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

விளம்பரம் வந்ததும் குத்தாலத்திலிருந்தும் பூதலூரிலிருந்தும்கூட என் கடையைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ராசிபலன்காரர்கள், கிரிக்கெட் ஸ்கோர்காரர்கள், ஜோக்குகாரர்கள். ஒரு ரைஸ் மில் முதலாளிக்குத் தினம் ஒரு சமையல் குறிப்பு வந்ததாம், மனைவி தன்னைக் கிண்டல் செய்ய யாரையோ ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று அவர் வீட்டில் சண்டையே போட்டிருக்கிறார். எல்லாரையும் விசாரித்தால் முக்கால்வாசிப் பேர் அதே மாதிரிதான், வந்த மிஸ்டு காலுக்குப் பதில் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள்.

தஞ்சாவூருக்கு எத்தனையோ முறை பேருந்து ஏறினோம். வாய்தா, வாய்தா, வாய்தா. மாமியார், வீட்டு விஷயத்தைக் கோர்ட்டு வரைக்கும் இழுத்துவிட்டாயே என்று அக்காவிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். கம்பெனிக்குச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வருவார். பளிச்சென்று இருப்பார், எங்களைப் பார்த்துப் புன்னகையும் செய்வார். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஒரு விசாரணையில் அவர், எங்கள் பக்கம் சாட்சி சொல்ல வந்திருந்த, நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் அம்மாவைக் கேட்டார். "நீங்க மிஸ்டு கால் குடுக்கறீங்க. ஒரு பொண்ணு பதில் மிஸ்டு கால் குடுக்குது. அதுக்கு என்ன அர்த்தம்?"

"வரேன்னு அர்த்தம்."

"அதாவது சம்மதம்."

"ஆமாங்க, சம்மதம்."

வக்கீல் மன்றத் தலைவரைப் பார்த்துத் திரும்பினார். இவர்கள் ஊர் வழக்கப்படியே பதில் மிஸ்டு கால் என்றால் சம்மதம் என்று இவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், எங்கள் கட்சிக்காரர் அதைத்தான் செய்தார், வேறொன்றும் செய்யவில்லை என்றார். அவ்வளவு சுத்தமாக மடக்கிவிட்டார். நான் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டேன். எங்கள் வக்கீல் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார்.

அக்கா எழுந்து நின்று, "அய்யா, நான் ஒண்ணு சொல்லலாங்களா?" என்றார். தலைவர் சொல்லுங்கள் என்றார்.

"அந்தம்மா கூப்புட்டா, எதுக்குக் கூப்புடுறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நடவுக்கு. எங்க வீட்டுக்காரர் கூப்புட்டா நலம் கேக்கன்னு தெரியும். இவங்க யாரு, எதுக்குக் கூப்புட்டாங்க, என்ன கேட்டாங்கன்னு சொல்லவே இல்லியே. கேள்வியே கேக்காம நான் எதுக்குய்யா சம்மதம் சொன்னேன்?"

பெண் உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கம்பெனி வக்கீலைப் பார்த்தார். "இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் அடுத்த வாய்தாவில் சொல்வதாகச் சொன்னார். முதல் தடவையாக அந்தப் புன்னகை இல்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது பேருந்தில் எல்லாரும் அக்காவுக்கு ஜன்னல் ஓர இடத்தைக் கொடுத்தார்கள்.

அடுத்த வாய்தாவுக்குக் கம்பெனி பதிலோடு வரவில்லை, சமரசத்தோடு வந்தது. பிடித்த பணத்தை எல்லாருக்கும் திருப்பித் தருகிறார்கள், அதற்கு மேல் ஆளுக்கு ஒரு தொகையும் தருகிறார்கள், வழக்குச் செலவும் தருகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கம்பெனி எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாது. யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

மன்றத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் வக்கீல் எங்களிடம் இதைப் படித்துக் காட்டினார். நல்ல ஆஃபர்தான், இதைவிட்டால் கம்பெனி மேல்முறையீடு, அதற்கு மேல் இன்னொன்று என்று வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். நான் முடியாது என்றேன். ஒரு வரி எழுதிக் கொடுக்க அவர்களுக்கு என்ன கொள்ளை, அந்த ஒரு வரிக்காகத்தானே அக்கா இவ்வளவு தூரம் நடந்தார் என்று கத்தினேன். பக்கத்தில் நின்றிருந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒரு வரிய எழுதிட்டா, நாட்டுல இருக்கற அத்தன பேருக்கும் அவங்க பதில் சொல்லணும்மா. பணத்த எவ்வளவு வேணா குடுப்பாங்க. அத மட்டும் குடுக்க மாட்டாங்க" என்றார் வக்கீல்.

அக்கா கூட வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். ஆற்றில் தண்ணீர் திறந்து வாய்க்காலெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம், சம்பா நடவு மும்முரம். எங்களோடு வந்திருந்த பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்த வெடிப்போடு ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களில் யாரும் அக்காவிடம் ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க கையெழுத்துப் போடணும், சார்?" என்று கேட்டார் அக்கா.

"அக்கா, வேணாங்க்கா" என்றேன்.

"எனக்காக இவங்க எல்லாரும் இன்னும் எத்தன நடவ விட்டுட்டு வரணும், புள்ள? விடு."

கையெழுத்துப் போட்டார். தலைவர் உத்தரவைப் படித்தார். இரு தரப்பும் மனமொத்து என்று அதில் ஒரு வார்த்தை வந்தது. என் மனம் எதோடும் ஒத்துப்போகவில்லை. கம்பெனி வக்கீல் எங்களிடம் வந்து, ஆல் த பெஸ்ட் என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பிற்பாடு இந்த ராசிபலன், டூயட் கொள்ளையெல்லாம் குறைந்தது, கேட்டு உறுதி செய்த பிறகுதான் பிடிக்க வேண்டும் என்று விதி வந்தது. எங்களைப் போல எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் கத்தியிருப்பார்கள். அதில் எங்கள் கத்தலும் கொஞ்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

பணம் வந்தது. ராசிபலன்காரர் முதல் சமையல் குறிப்பு முதலாளி வரைக்கும் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். முதலாளி கடைக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். ஜெயித்துவிட்டோம் என்று ஊரே சொன்னது. நானும் நாலு பேரிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரத்தில் அக்கா கடையில் உட்கார்ந்திருந்தபோது சவூதியிலிருந்து கால் வந்தது. மாமியார் அசந்து தூங்குகிறார் என்பதால் அக்காவே எடுத்துப் பேசினார். மலிவு போன், காதில் வைத்திருந்தாலும் அந்தப் பக்கம் பேசுவது எனக்கும் கேட்கும். கேஸ் முடிந்துவிட்டது, கம்பெனி எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, தப்பு இல்லாமலா கொடுப்பார்கள் என்று அக்கா அவசர அவசரமாகச் சொன்னார். உத்தரவில் இல்லாத அந்த ஒரு வரியைத் தன் வாயாலேயே சேர்த்துச் சொல்லிவிடப் பார்த்தார்.

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான், ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"இன்னுமா நீ அதையே புடிச்சிக்கிட்டு நிக்கிற? அத நான் எப்பவோ மன்னிச்சுட்டேனே. அத்தா போன வருத்தத்துல கோவப்பட்டேன். அப்புறம், சின்னப் புள்ளதான, ஏதோ ஆசப்பட்டு வெச்சுட்டா, போவுதுன்னு விட்டுட்டேன். இனிமே அதப் பத்திப் பேச வேணாம், சரியா?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி மச்சான்" என்றார். அவர் இன்னும் ரெண்டு வார்த்தை அன்பாகப் பேசிவிட்டு வைத்தார்.

எனக்கு ஸ்டூலைத் தூக்கி வீச வேண்டும் போல இருந்தது. யாரை நோக்கி வீசுவது என்றுதான் தெரியவில்லை. ஒத்துக்கொள்ளாமலே தப்பித்துக்கொண்ட கம்பெனிக்கு ஒரு தழும்பும் இல்லை. செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு நன்றியோடு வேறு இருக்க வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க்கா சரின்னீங்க? திரும்பப் போடுங்க, நான் பேசுறேன்" என்றேன்.

அக்கா போனைத் துப்பட்டாவால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாட்டும் வேணும்னு நான் சொல்லல. இந்த மன்னிப்பையும் வேணும்னு நான் சொல்லல, புள்ள."